3 மி.மீ. தகட்டுக்கு 9,000 ரூபாயா?

ஆவாரம்பாளையம் பட்டறை:
நேற்று முன்தினம் இங்கே "மலைப்பாதை" எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. "வண்டியின் வயிற்றில் பாறை அடிக்காமல் அடியில் மாட்டும் ஸ்கிட் பிளேட் வெறும் 3 மி.மீ. இரும்புத் தகடு. எடை 11 கிலோ. கிலோ 70 ரூபாய் என்றால் 800 ரூபாய்கூட வராது. அதை 9,000 ரூபாய்க்கு விற்பது பகல் கொள்ளை" என்று எழுதியிருக்கிறார். முப்பது பேர் ஆமோதித்திருக்கிறார்கள். அந்த முப்பது பேரில் ஒருவராவது பட்டறை வாசலை மிதித்திருப்பாரா?

மஹிந்திராவின் புதிய தார் ஜீப் 2020 அக்டோபரில் வந்தது. அந்த வண்டிக்குத் தகடு செய்ய நண்பரின் வண்டியை இரண்டு நாள் வாங்கி நிறுத்தினேன். அடியில் மல்லாந்து படுத்து, அட்டைப்பெட்டியைக் கிழித்து, சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தின் ஓட்டைகளுக்கு நேராகச் சாக்பீஸால் குறி வைத்தேன். கண்ணில் ஆயில் சொட்டியது. அட்டை மாதிரி சரியாக வந்ததே நான்காவது முறைதான். அதன் பிறகும் லேசரில் வெட்டிய முதல் இருபது தகடுகளில் ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் பிளக்குக்கான துளை 12 மி.மீ. தள்ளிப் போய்விட்டது. ஆயில் மாற்ற வேண்டுமென்றால் தகட்டையே கழற்ற வேண்டும். இருபதையும் பழைய இரும்புக்குப் போட்டேன். அந்த நஷ்டம் கிலோ 70 ரூபாய்க் கணக்கில் எங்கே இருக்கிறது? லேசர் கட்டிங் கூலி, வளைப்புக் கூலி, பவுடர் கோட்டிங், போல்ட், பட்டறை வாடகை, இரண்டு பையன்களின் சம்பளம் எல்லாம் எங்கே இருக்கின்றன?

மலைப்பாதை:
அண்ணா, நீங்கள் பட்ட கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி. தகடு 3 மி.மீ. தானா, இல்லையா? இவ்வளவு எழுதியும் அதற்குப் பதில் இல்லையே.

ஆவாரம்பாளையம் பட்டறை:
3 மி.மீ. தான். ஒளித்து வைத்து விற்கவில்லை. பில்லிலேயே போட்டிருக்கிறேன்.

மலைப்பாதை:
அப்படியானால் நான் சொன்னது சரிதானே. நான் போடிக்காரன். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதை எப்படி இருக்கும் என்று அங்கே ஜீப் ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். அது சாலையே அல்ல, பாறைகளை வரிசையாகக் கொட்டி வைத்தது போல இருக்கும். அந்தப் பாதையில் என் வண்டி ஒருமுறை இறங்கி உட்கார்ந்தது. கீழே பார்த்தால் 3 மி.மீ. தகடு கிண்ணம் போல உள்வாங்கி, இன்ஜின் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இன்னும் ஒரு விரற்கடை போயிருந்தால் சம்ப் உடைந்திருக்கும். 3 மி.மீ. போதாது. போதவே போதாது.

வளைவுக்கணக்கு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்தத் தகடு இரும்பா, அலுமினியமா? அது தெரியாமல் 3 மி.மீ. போதுமா, போதாதா என்று பேசுவதில் பயனில்லை. ஓரங்களை மடித்திருந்தார்களா, நடுவில் புடைப்பு வரி போட்டிருந்தார்களா என்பதும் முக்கியம். தட்டையான தகடு நடுவில் அமுங்கத்தான் செய்யும்.

மலைப்பாதை:
எதுவாக இருந்தால் என்ன தம்பி? 3 மி.மீ. என்றால் 3 மி.மீ. தானே.

மதுரை வெல்டர்:
நான் 2015 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் பட்டறையில் 4 மி.மீ.க்குக் குறைந்து தகடு வெளியே போனது கிடையாது. எடையோ கோவை ஆவாரம்பாளையத்துக்காரர் தகட்டைவிடக் குறைவு. விலை 7,500 ரூபாய்தான். 9,000 வாங்கிக்கொண்டு 3 மி.மீ. கொடுப்பவர் இங்கே நியாயம் பேசுவது வேடிக்கையாக இருக்கிறது. டிரெயின் பிளக்குக்கு நேராகச் சாய்வாக வெட்டும் துளை யாருடைய வடிவம் என்பதையும் அவரே சொல்லட்டும்.

ஆவாரம்பாளையம் பட்டறை:
வந்துவிட்டீர்களா! இந்தப் பேச்சு எப்போது வரும் என்று காத்திருந்தேன். சாய்துளை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்தது அல்ல. வண்டியின் பிளக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் துளையும் சாயும். உங்கள் வண்டியில் ஒரு பக்கம், என் வண்டியில் வேறு பக்கமா?

என் போல்ட்டுகளைப் பாருங்கள். தலை தகட்டுக்குள் புதைந்து நிற்கும். உங்கள் தகட்டில் அறுகோணத் தலை வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. பாறை முதலில் உரசுவது அதைத்தான். தலை தேய்ந்து உருண்டையான போல்ட்டைக் கழற்ற முடியாமல் என் பட்டறைக்கு வந்து வெட்டி எடுத்துக்கொண்டு போன வாடிக்கையாளர்கள் மூன்று பேர். மூவருக்கும் நான் கூலி வாங்கவில்லை.

மதுரை வெல்டர்:
அந்த மூன்று பேரின் புகைப்படத்தைப் போடுங்கள், நம்புகிறேன். 4 மி.மீ. என்றால் 4 மி.மீ. தான். அதைப் பற்றிப் பேசுங்கள்.

வளைவுக்கணக்கு:
ஐயா, ஒரு கணக்கு. 80 செ.மீ.க்கு 60 செ.மீ. தகடு என்று வைத்துக்கொள்வோம். 3 மி.மீ. இரும்பில் 11 கிலோவுக்குச் சற்று மேல் வரும். 4 மி.மீ. இரும்பு என்றால் 15 கிலோ. உங்கள் 4 மி.மீ. தகடு அவருடையதைவிட எடை குறைவு என்றால் அது அலுமினியமாகத்தான் இருக்க முடியும். தடிமன் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும், உண்மை. ஆனால் அலுமினியத்தின் இயல்பான விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே 4 மி.மீ. அலுமினியம் 3 மி.மீ. இரும்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வளையும். 6 மி.மீ. அலுமினியம் போட்டால் கதை வேறு. எடை 8 கிலோவுக்குள், விறைப்போ 3 மி.மீ. இரும்பைப் போல இரண்டரை மடங்குக்கு மேல்.

மதுரை வெல்டர்:
தம்பி, புத்தகத்தில் தகடு வளையாது, பாறையில்தான் வளையும். 4 பெரிதா, 3 பெரிதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

தார்க்காரன்:
நான் கோவை அண்ணாவிடம்தான் வாங்கினேன். ஒரு குறையும் இல்லை. எல்லோரும் பேசுகிறார்களே என்று இன்று வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். 2.95 மி.மீ. காட்டுகிறது.

மலைப்பாதை:
பார்த்தீர்களா! 3 மி.மீ. கூட இல்லை. அதுவும் இரு பக்கமும் பவுடர் கோட்டிங்கைச் சேர்த்து அளந்தது. கோட்டிங்கைச் சுரண்டிவிட்டு அளந்தால் 2.8 தான் வரும். 9,000 ரூபாய்க்கு 2.8!

ஆவாரம்பாளையம் பட்டறை:
ஆலையிலிருந்து 3 மி.மீ. என்று வரும் எந்தத் தகட்டிலும் ஓரிரு புள்ளி ஏறும், இறங்கும். இரும்புக் கடையில் தகடு வாங்கிய எவருக்கும் இது தெரியும். 2.8 என்பது உங்கள் கற்பனை. அளக்காமலேயே எண் சொல்லுகிறீர்கள். என் தகட்டில் நான்கு ஓரமும் மடிப்பு, நடுவில் இரண்டு புடைப்பு வரி. அந்த மடிப்பு இருப்பதால்தான் 3 மி.மீ. தாங்குகிறது. வழுவழுவென்ற 4 மி.மீ. தகட்டுக்கு அது வராது. தடிமனைக் கூட்டிக்கொண்டே போனால் எடை கூடும், முன்பக்க ஸ்பிரிங் அமரும். தாருக்குத் தரை இடைவெளி 226 மி.மீ. என்று வாங்கியவர், தகட்டாலேயே அதைக் குறைத்துக்கொண்டு பாறையில் ஏறுவாரா?

மலைப்பாதை:
ஸ்பிரிங்கைப் பற்றி யார் கேட்டார்? சரி, அரசு வரியைப் பற்றிக் கேட்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. உங்கள் விலை குறைந்ததா? அன்றும் 9,000, இன்றும் 9,000.

தார்க்காரன்:
அது உண்மைதான் அண்ணா. நான் வரி குறைவதற்கு முன்பு வாங்கினேன், என் நண்பர் போன மாதம் வாங்கினார். இருவருக்கும் ஒரே தொகை.

ஆவாரம்பாளையம் பட்டறை:
நீங்களுமா? கேளுங்கள். அதே சமயத்தில் கோட்டிங் கூலியும் லேசர் கூலியும் ஏறின. வரியில் குறைந்தது கூலிக்குப் போயிற்று. நான் வீடு கட்டவில்லை.

வரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறிய பட்டறைகளுக்குத் தொகுப்பு வரித் திட்டம் இருக்கிறது. விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டினால் போதும். ஆனால் அந்தத் திட்டத்தில் இருப்பவர் வேறு மாநிலத்துக்கு ஒரு போல்ட் கூட விற்க முடியாது. என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மூணாறு, வயநாடு, குடகு பக்கம் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் முழுப் பதிவுக்கு மாறினேன். மாதா மாதம் கணக்கர் சம்பளம், தாமதமானால் அபராதம். 800 ரூபாய்க் கணக்குப் போட்டவர் இதை ஒரு நாள் செய்து பார்க்கட்டும்.

மதுரை வெல்டர்:
கேரளத்துக்கு விற்பதை எல்லாம் இங்கே எதற்குப் பெருமை பேச வேண்டும்? 2017 வரை வண்டியின் முன்னால் மாட்டும் இரும்புக் கம்பியான புல் பார் செய்து விற்றவர்தானே நீங்கள்? அந்த டிசம்பரில் மத்திய அரசு அது சட்ட விரோதம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பிய பிறகுதானே தகட்டுக்கு வந்தீர்கள்?

ஆவாரம்பாளையம் பட்டறை:
ஆமாம், விற்றேன். அன்று யார்தான் விற்கவில்லை? முன்னால் கம்பி மாட்டினால் மோதலின் அதிர்ச்சி நேராகச் சேஸிஸுக்குப் போகும், ஏர் பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம், நடந்து போகிறவருக்கு அடி பலமாக விழும் என்று தெரிந்த நாளிலேயே நிறுத்திவிட்டேன். மீதமிருந்த 40 கம்பிகளையும் வெட்டிக் கேட் செய்தேன். எங்கள் பட்டறைக் கேட்டே அதுதான், வந்து பாருங்கள். கடிதம் வந்த பிறகும் இரவு ஏழு மணிக்கு மேல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாட்டிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

மதுரை வெல்டர்:
பெயரைச் சொல்லுங்கள். பயமா?

வளைவுக்கணக்கு:
புல் பார் வேறு, ஸ்கிட் பிளேட் வேறு. தயவுசெய்து யாராவது கொழுக்குமலையில் வளைந்த தகடு எந்த உலோகம் என்று மட்டும் சொல்லுங்கள். காந்தத்தை வைத்தால் தெரிந்துவிடும்.

மலைப்பாதை:
காந்தம் எதற்கு? அது 3 மி.மீ., நான் கண்ணால் பார்த்தேன். பட்டறைக்காரரே, 4 மி.மீ. போடுவீர்களா, மாட்டீர்களா?

ஆவாரம்பாளையம் பட்டறை:
போட மாட்டேன். 3 மி.மீ. தான், நான்கு ஓரமும் மடித்துத்தான். இதுவரை 400 தகடு கொடுத்திருக்கிறேன். சம்ப் உடைந்தது என்று ஒருவர் திரும்பி வந்ததில்லை. சனிக்கிழமை ஆவாரம்பாளையத்துக்கு வாருங்கள். உங்கள் கண்ணெதிரே கோட்டிங்கைச் சுரண்டி அளந்து காட்டுகிறேன்.

மலைப்பாதை:
நான் ஏன் கோவைக்கு வர வேண்டும்? குறை சொன்னது நான், நிரூபிக்க வேண்டியது நீங்கள். போடிக்கு நீங்கள் வாருங்கள். வெர்னியர் உங்களுடையதாக இருக்கக் கூடாது.

மதுரை வெல்டர்:
வெர்னியர் நான் கொண்டு வருகிறேன்.

ஆவாரம்பாளையம் பட்டறை:
உங்கள் வெர்னியரா? 4 மி.மீ.க்குக் குறைந்து காட்டாத அந்த வெர்னியரா? வேண்டாம். இரண்டு ஊர்க்காரர்களும் ஒன்று சேர்ந்துகொண்டீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது. 3 மி.மீ. தான்.

தார்க்காரன்:
அண்ணா, கோட்டிங்கைச் சுரண்டினால் துருப்பிடிக்காதா? என் தகட்டை யாரும் சுரண்ட வேண்டாம்.