ஒரு மழைக்கும் படம் நிற்கவில்லையாம்!

கம்பிக்காரன் (அட்டன்)
கொழுந்துக்கூடை என்ற அன்பர் நேற்று எழுதியதைப் படித்தேன். மாதக் கட்டண டிவி டிஷ்ஷை நிறுத்திவிட்டாராம். இலவச அலைவரிசைகளை எடுக்கும் பொக்ஸ் ஒன்றும் அதில் செருக ஒரு பென் டிரைவும் வாங்கினாராம். நேரத்தைக் குறித்துவிட்டு வேலைக்குப் போனால் நாடகம் தானாகப் பதிவாகிவிடுகிறதாம். அதுவரை எனக்கு ஒரு தகராறும் இல்லை. காசு மிச்சமானால் யாருக்கு வலிக்கிறது? கடைசி வரிதான் வயிற்றெரிச்சல்: "வைத்த நாளிலிருந்து ஒரு மழைக்கும் படம் நிற்கவில்லை."

ஒரு மழைக்கும்! வட்டவளைக்கும் கினிகத்தேனைக்கும் இடையில் நான் ஏறாத கூரை இல்லை. டிஷ்ஷுக்கு வரும் கே.யூ. பேண்ட் என்ற அலைவகை 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்டது. கனமழை அதைக் குடித்துவிடும். காசு கட்டினவன் வீடு, கட்டாதவன் வீடு என்று மழை பார்க்காது. இதைப் படித்துவிட்டு நாளைக்கு நாலு பேர் என்னிடம் வந்து "மழைக்கு நிற்காத பொக்ஸ் கொடுங்கள்" என்று கேட்பார்கள். நான் எங்கே போவது?

கொழுந்துக்கூடை (நோர்வூட்)
அண்ணன், நான் என் வீட்டுக் கதையைத்தான் எழுதினேன், உங்கள் கூரைகளைப் பற்றி எழுதவில்லை. என் வீட்டில் நிற்கவில்லை என்றால் நிற்கவில்லை.

எனக்குத் தெரிந்து படம் நின்றதெல்லாம் சந்தா முடிந்த இரவுகளில்தான். நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை காத்துக்கிடந்த சனம் நாங்கள். அதிலும் கொடுமை, பழைய பொக்ஸில் என் வீட்டுக் கரண்டில் நானே பதிவுசெய்து வைத்திருந்ததைக்கூடக் காசு கட்டாத மாதத்தில் பார்க்க விடவில்லை. இப்போது பென் டிரைவைக் கழற்றிக் கணினியில் செருகினாலும் ஓடுகிறது. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

கம்பிக்காரன்
கேள்வி சந்தாவைப் பற்றியது அல்ல. மழை பெய்ததா இல்லையா? பெய்தபோது நீங்கள் வீட்டில் இருந்தீர்களா? வேலைக்குப் போய்விட்டேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவருக்கு வீட்டில் படம் நின்றது எப்படித் தெரியும்?

கொழுந்துக்கூடை
பதிவு இருக்கிறதே. பதிவில் தெரியாதா?

ஊவாக் காற்று (பண்டாரவளை)
கம்பிக்காரன் ஐயாவுக்கு மழை என்றால் அட்டன் மழை மட்டும்தான். மே, ஜூனில் நீங்கள் குடைக்குள் குந்தியிருக்கும்போது எங்களுக்கு இங்கே வறண்ட கச்சான் காற்று. எங்கள் மழை மார்கழியில் வரும். எங்கள் ஊரில் டிஷ்ஷை ஆட்டுவது காற்றுதான். கம்பத்தின் அடியில் சீமெந்து ஒழுங்காகப் போடாதவர்கள் பழியை மழைமேல் போடுகிறார்கள். யார் போட்டது என்று நான் சொல்லவில்லை.

இவர் பேச்சை நம்பித்தான் மின்வெட்டுக் காலத்தில் ஓர் இன்வெர்ட்டர் வாங்கினேன். அது இப்போது அம்மாவின் தையல் இயந்திரத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

கம்பிக்காரன்
2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது ஊரே இன்வெர்ட்டர் கேட்டது. வாங்கிய பிறகு பற்றரிக்கு வடிநீர் ஊற்றச் சொன்னேனா இல்லையா? ஊற்றினீர்களா? பற்றரி வறண்டு செத்ததற்கு நான் பொறுப்பா? பேச்சை மாற்ற வேண்டாம். ஒரு மழைக்கும் நிற்கவில்லை என்பது பொய்.

தலவாக்கலை டீச்சர்
தம்பிமார் இருவரும் ஒரு நிமிடம் பொறுங்கள். கொழுந்துக்கூடைத் தம்பி, உங்களுடையது எந்த டிஷ்? இந்தியாவின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷை எடுக்கும் சின்ன டிஷ்ஷா, சி-பேண்ட் எடுக்கும் ஆறடிப் பெரிய டிஷ்ஷா? சி-பேண்ட் 4 கிகாஹேர்ட்ஸ் பக்கத்தில் வருவது, மழைக்கு அவ்வளவாக அசையாது. சின்ன டிஷ் என்றால் கம்பிக்காரன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுவும் எல்லா மழைக்கும் அல்ல. ஆடி மாதச் சாரல் நாள் முழுவதும் தூறினாலும் படம் ஓடும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் பின்னேரம் இடியோடு கொட்டுகிறதே, அதில்தான் நிற்கும். பனிமூட்டத்துக்கு ஒன்றும் ஆகாது.

மஸ்கெலியா மைனா
டீச்சர் கரும்பலகையை எடுத்துவிட்டார். பின்வரிசையில் இருக்கிறவர்கள் நித்திரை கொள்ளலாம்.

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் லயம் மலைக்கு நேர் கீழே இருக்கிறது. கிழக்கே பார்த்தால் பாறைதான். இலவச டிஷ் எடுக்காது, மலை மறைக்கும் என்று டவுனில் ஒருவர் சொன்னார். காசு கட்டும் டிஷ் வாங்கச் சொன்னார்.

கம்பிக்காரன்
டவுனில் சொன்னவர் எதை விற்கிறார் என்று பார்த்தீர்களா? இதுதான் எனக்கு ஆத்திரம். கேளுங்கள். டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கு 93.5 பாகையில் நிற்கிறது. நம் மலைநாட்டிலிருந்து பார்த்தால் கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவில், ஏறத்தாழ 73 பாகை உயரத்தில். உச்சந்தலைக்குக் கொஞ்சம் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மலை அதை மறைக்கும்? சின்ன டிஷ்ஷின் முகம் சாய்ந்து எதிர் மலையைப் பார்ப்பது போலத் தெரியும். அது நடுவிலிருந்து விலகி வாங்கும் வகை டிஷ், அதனால் முகம் ஓரிடம், பார்வை வேறிடம். இந்தத் தோற்றத்தைப் பார்த்துத்தான் முக்கால்வாசிப் பேர் "மலை மறைக்குது" என்று டிஷ்ஷைத் தூக்கிக் கூரை முகட்டில் நட்டுவிட்டு இடிக்குப் பலிகொடுக்கிறார்கள். முற்றத்தில் வையுங்கள். தேக்கோ சவுக்கோ தலைக்கு மேலே கவியாமல் இருந்தால் போதும்.

படம் நின்றால் முதலில் எல்.என்.பி.யை, அதாவது டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கும் தலையைப் பாருங்கள். மழைக்குப் பாதுகாப்பு என்று அதன் வாயில் ஷொப்பிங் பேக்கைக் கட்டி நூலால் சுற்றிவைத்திருப்பார்கள். அந்தப் பையில் மழைத்துளி திரண்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். வானத்து மழை விட்டும் வாயருகே மழை விடாது. பையைக் கழற்றியதும் படம் வந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கம்பி முனையில் இருக்கும் இணைப்புக்குள் தண்ணீர் இறங்கிச் செம்பு பச்சை பூத்திருக்கும். ரப்பர் நாடா சுற்றிக் கம்பியை ஒரு வளையம் விட்டு இறக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த கைதான் சொல்கிறது. ஏப்ரல் மழைக்கு நிற்கும். நிற்கவில்லை என்கிறவர் பொய் சொல்கிறார்.

மஸ்கெலியா மைனா
நன்றி அண்ணன். ஆனால் அவர் நிற்கவில்லை என்கிறாரே?

கொழுந்துக்கூடை
நிற்கவில்லை.

கம்பிக்காரன்
சரி, மழையை விடுங்கள். (விடவில்லை, பிறகு வருகிறேன்.) நேத்ரா, வசந்தம், சக்தி என்ற நம் உள்ளூர்த் தமிழ் அலைவரிசைகளை எப்படிப் பதிவுசெய்கிறீர்கள்? அவை தரைவழி வருகின்றன. 2014இல் ஜப்பான் முறை டிஜிட்டல் வருகிறது என்று அறிவித்தார்கள். வந்தபாடில்லை, கம்பத்து அன்டெனாவுக்கு இன்றும் அனலொக்தான். உங்கள் செயற்கைக்கோள் பொக்ஸில் அந்தக் கம்பியைச் செருகத் துளையே கிடையாது. ஆக உள்ளூர்த் தமிழ்ச் செய்தியைப் பதிவுசெய்ய முடியாது. மாதக் கட்டண டிஷ்ஷில் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. இதை ஏன் எழுதவில்லை?

கொழுந்துக்கூடை
செய்தியை யார் பதிவுசெய்து பார்க்கிறார்கள்? பழைய அன்டெனா கம்பத்தில்தான் இருக்கிறது. செய்தியை அப்பா நேரில் பார்க்கிறார், நாடகத்தை அம்மா பதிவில் பார்க்கிறார். வீட்டில் சண்டை இல்லை. சண்டை இங்கேதான்.

ஊவாக் காற்று
நெத்தியடி! அன்டெனாவை மட்டமாகப் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியபோது பிதுருதலாகலை உச்சியிலிருந்துதான் நாட்டுக்கே படம் இறங்கியது. 2,524 மீற்றர். அன்று யாரும் எந்த டிஷ்காரனுக்கும் படி அளக்கவில்லை.

கம்பிக்காரன்
பிதுருதலாகலை நுவரெலியாவில் இருக்கிறது ஐயா. பண்டாரவளைக்காரர் அதற்கு ஏன் மார்தட்டுகிறார்? மலையின் அடிவாரத்தில் இருந்துகொண்டே படம் புள்ளி புள்ளியாகப் பார்த்தவர்கள் நாங்கள். தரைவழி அலையைத்தான் மலை மறைக்கும். எங்களுக்கு டிஷ் ஏன் தேவைப்பட்டது என்று நினைக்கிறீர்கள்? ஆடம்பரத்துக்கா?

ஊவாக் காற்று
இன்வெர்ட்டருக்கு இன்னும் பதில் வரவில்லை.

தலவாக்கலை டீச்சர்
பெரிய டிஷ்ஷா, சின்ன டிஷ்ஷா என்று கேட்டிருந்தேன். அதைச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

கொழுந்துக்கூடை
டீச்சர், டிஷ் டிஷ்தான். கம்பிக்காரன் அண்ணன் முதலில் என்னைப் பொய்யன் என்றதைத் திருப்பி எடுக்கட்டும், பிறகு அளவு சொல்கிறேன். ஆதாரம் கேட்டாரே, சித்திரைப் புத்தாண்டுக்குப் போட்ட படத்தைப் பதிவுசெய்தது இன்றும் இருக்கிறது. விளம்பரத்தோடு மூன்று மணி நேரம். அன்று பின்னேரம் எங்கள் பக்கம் எப்படிக் கொட்டியது என்று ஊரைக் கேளுங்கள். முதல் கோப்பு, இரண்டாம் கோப்பு, இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.

கம்பிக்காரன்
மாட்டிக்கொண்டீர்கள். ஒரு படத்துக்கு ஏன் இரண்டு கோப்பு? நடுவில் அலை போயிருக்கிறது, பதிவு அறுந்திருக்கிறது, அலை திரும்பியதும் பொக்ஸ் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. மழைக்கு நின்றது! உங்கள் வாயாலேயே வந்துவிட்டது.

தலவாக்கலை டீச்சர்
அப்படி முடிவுகட்ட முடியாது தம்பி. பென் டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளராது. நிறைந்ததும் பொக்ஸ் அடுத்த கோப்பைத் திறக்கும். மழையே இல்லாத நாளிலும் நீளமான படம் இரண்டாகத்தான் விழும். முதல் கோப்பின் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கம்பிக்காரன்
டீச்சர்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இது மழை.

மஸ்கெலியா மைனா
நான் பொக்ஸ் வாங்கலாமா, வேண்டாமா? ஒரு நாடகத்தைப் பதிவுசெய்துகொண்டே வேறொன்றைப் பார்க்க முடியுமா? அதையாவது யாராவது சொல்லுங்கள்.

கம்பிக்காரன்
அலையைப் பிடிக்கும் டியூனர் ஒன்றே உள்ள பொக்ஸில், இரண்டும் செயற்கைக்கோளின் ஒரே டிரான்ஸ்பொண்டரில் (பல அலைவரிசைகளைச் சேர்த்து அனுப்பும் கருவி) இருந்தால்தான் முடியும். இல்லையென்றால் பதிவாவதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாங்கும்போது எம்பெக்-4 என்ற புதிய படச்சுருக்க முறையை எடுக்கும் வகை கேளுங்கள். பழையது எம்பெக்-2 மட்டும் எடுக்கும், சில அலைவரிசைகள் பெயர் காட்டும், படம் காட்டாது. டவுனில் பழையதைத்தான் முதலில் தலையில் கட்டுவார்கள். வந்தால் நான் பார்த்து வாங்கித் தருகிறேன்.

ஊவாக் காற்று
பார்த்தீர்களா, வியாபாரம்! இலவசத்தைத் திட்டத் தொடங்கியவர் இலவச பொக்ஸ் விற்கிறார். மைனா, பக்கத்திலேயே ஓர் இன்வெர்ட்டரும் வைத்திருப்பார், கவனம்.

கம்பிக்காரன்
நான் எங்கே இலவசத்தைத் திட்டினேன்? மேலே போய்ப் படியுங்கள். ஒரு மழைக்கும் நிற்கவில்லை என்ற வரியைத்தான் திட்டினேன். கொழுந்துக்கூடை, முதல் கோப்பின் கடைசி நிமிடத்தையும் இரண்டாவதின் முதல் நிமிடத்தையும் இங்கே போடுங்கள். சதுரம் சதுரமாக உடைந்திருந்தால் மழை.

கொழுந்துக்கூடை
பென் டிரைவ் மச்சான் வீட்டில் இருக்கிறது. வந்ததும் போடுகிறேன். அதுவரைக்கும் சொல்கிறேன், நிற்கவில்லை.

கம்பிக்காரன்
மச்சான் எந்த ஊர்?

கொழுந்துக்கூடை
பண்டாரவளை.

கம்பிக்காரன்
நினைத்தேன்.

ஊவாக் காற்று
என்ன நினைத்தீர்கள்? அதையும் சொல்லிவிட்டுப் போங்கள். பண்டாரவளையில் மச்சான் இருந்தால் குற்றமா? என் பற்றரிக்கு மூன்று முறை வடிநீர் ஊற்றியிருக்கிறேன், அதற்கும் மச்சான்தான் சாட்சி என்று எழுதட்டுமா?