புதுப்பிப்பு: ஆன்லைன் வகுப்பும் ஆசிரியர் சோர்வும்

வீட்டிலிருந்து பாடம் நடத்தும் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலை நேரத்துக்கு எல்லை வைக்க வேண்டும் என்று போன இழையில் எழுதியிருந்தோம். "நேரத்தைக் குறைத்தும் சோர்வு குறையவில்லையே" என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

திரையும் ஒரு காரணம். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் வீடியோ அழைப்புச் சோர்வுக்கு நான்கு காரணங்களைச் சொன்னார்: மிக அருகில் தெரியும் முகங்கள், சதா தன் முகத்தையே பார்ப்பது, அசையாமல் உட்காருவது, சைகை புரியாமல் மூளை கூடுதலாக உழைப்பது. ஜூமில் உங்கள் படத்தின் மேலுள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி சுயகாட்சியை மறையுங்கள். மாணவர்களுக்கு நீங்கள் தெரிந்துகொண்டுதான் இருப்பீர்கள். சாளரத்தையும் சுருக்குங்கள். தனி கீபோர்டு இருந்தால் கேமராவை விட்டுத் தள்ளி உட்காரலாம். 60 நிமிட வகுப்பை 50-இல் முடித்து எழுந்து நடங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப் சந்தேகங்கள். எல்லை உடைவது பெரும்பாலும் இங்கேதான். இரவு 11 மணிக்கு ஒருவருக்குப் பதில் போட்டால் மறுநாள் எல்லோரும் அதையே எதிர்பார்ப்பார்கள். கேள்விகளைப் பாடத்தளத்தின் பொது மன்றத்துக்கு மாற்றி, வாரம் இரண்டு முறை குறித்த நேரத்தில் பதிலளியுங்கள். ஒரே சந்தேகத்துக்குப் பத்து முறை தட்டச்சு செய்யும் வேலை மிச்சமாகும். இரவில் எழுதியே ஆக வேண்டுமென்றால் மின்னஞ்சலைக் காலை 9 மணிக்குப் போகும்படி அட்டவணையிடுங்கள்.

திருத்தும்போது திரும்பத் திரும்ப வரும் குறிப்புகளை ஒரு கோப்பில் சேர்த்துவைத்து ஒட்டுங்கள். மாணவருக்கென்று ஒரு வரி மட்டும் புதிதாக எழுதினால் போதும்.