தெர்மல் பேஸ்ட்: வெப்பப் பசையா, வெப்பக் களிம்பா?

வணக்கம்.

மேசைக் கணினியின் செயலியில் விசிறித் தணிப்பான் பொருத்தும் கையேடு ஏறக்குறையத் தமிழாகிவிட்டது. செயலியின் உலோக மூடிக்கு 'வெப்பப் பரப்பி', தணிப்பானில் அதைத் தொடும் பரப்புக்கு 'அடித்தட்டு', தாய்ப்பலகையின் பின்புறம் வரும் இரும்புச் சட்டத்துக்குப் 'பின்தகடு' என்று முன்பே முடிவாகிவிட்டது. வெப்பப் பரப்பிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே பூசும் 'தெர்மல் பேஸ்ட்' மட்டும் வெப்பப் பசை, வெப்பக் களிம்பு, வெப்பக் கடத்துகுழம்பு என மூன்று விதமாகக் கிடக்கிறது.

என் வாக்கு 'வெப்பப் பசை'க்கு. பற்பசை வழக்கில் வேரூன்றிய சொல், பொருளும் பார்க்க அதைப் போலவே இருக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

---

> பற்பசை வழக்கில் வேரூன்றிய சொல்

நண்பரே, பற்பசையால் எதையும் யாரும் ஒட்டுவதில்லை, அதனால் அங்கே குழப்பம் வராது. இங்கே இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே ஒன்றைப் பூசி மேலே அழுத்தச் சொல்கிறோம். அதற்குப் பசை என்று பெயரிட்டால், முதன்முறை பொருத்துபவர் அதுதான் தணிப்பானைப் பிடித்துக்கொள்கிறது என்று எண்ணுவார். உண்மையில் பிடித்துக்கொள்வது நான்கு திருகுகளும் அவற்றின் வில்சுருள்களும். பசை என்று நம்பியவர் தாராளமாகப் பூசுவார், திருகைப் பாதியில் நிறுத்துவார். இரண்டுமே செயலியைச் சூடாக்கும்.

இது எதற்கு என்பதைப் பார்த்தால் பெயர் தானே தெளிவாகும். வெப்பப் பரப்பியும் அடித்தட்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளம் உள்ளவை. பள்ளங்களில் காற்று நிற்கும். காற்றின் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீட்டர்-கெல்வினுக்கு 0.026 வாட். செம்புக்கு அது 400-ஐ ஒட்டியது. நாம் பூசும் பொருளுக்குப் பெரும்பாலும் 4 முதல் 12 வரை. அதாவது காற்றைவிட நூறு மடங்குக்கும் அதிகம், ஆனால் செம்பில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு இருக்க வேண்டும், அதற்கு மேல் படலம் தடித்தால் அதுவே தடை. உலோகமும் உலோகமும் எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவு நல்லது.

இன்னொன்று, எனக்கு இதுவே தீர்மானமான காரணம். வெப்பம் கடத்தும் ஒட்டுபசை என்று தனிப்பொருள் ஒன்று உண்டு. திருகுத்துளை இல்லாத நினைவகச் சில்லுகள் மேல் சின்னச் சின்ன அலுமினியத் தகடுகளை நிரந்தரமாக ஒட்ட அதைப் பயன்படுத்துகிறார்கள். அது இறுகிவிட்டால் கழற்ற முடியாது. 'வெப்பப் பசை' அதற்குத்தான் உரிய பெயர். கையேட்டில் 'வெப்பப் பசை' என்று படித்தவர் ஒட்டுபசையை வாங்கிச் செயலியில் பூசினால் மறுமுறை தணிப்பானோடு செயலியும் போயிற்று. சென்னை ரிச்சித் தெரு மின்னணுக் கடையில் 'பேஸ்ட்' என்று கேட்டாலே சரியான குழாயை எடுத்துத் தருவார்கள், இணையக் கடையில் அப்படித் திருத்திச் சொல்ல ஆள் இல்லை.

'கடத்துகுழம்பு' நீளம். குழம்பு ஓடும், இது ஓடக் கூடாது. 'வெப்பக் களிம்பு' என்றே வைக்கலாம்.

---

ஐயா, பசை வேண்டாம் என்பதை ஏற்கிறேன். களிம்பில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. தமிழில் களிம்பு மருந்துக்கு மட்டும் பெயரில்லை. செம்பில் ஏறும் பச்சைக் கறையும் களிம்புதான். உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையே செம்பும் களிம்பும். நம் அடித்தட்டும் செம்பு! பல தணிப்பான்களில் நிக்கல் பூசியிருப்பார்கள். வெப்பத்தைத் தகடுகளுக்குக் கொண்டுபோகும் வெப்பக்குழாய்களே நேராகச் செயலியைத் தொடும் மலிவான வகைகளில் வெறும் செம்பு வெளியே தெரியும். அங்கே 'பழைய களிம்பைத் துடைத்து நீக்கவும்' என்று எழுதினால் எந்தக் களிம்பு?

'வெப்பச் சாந்து' சரிவருமா? செங்கல்லுக்கு நடுவே இடைவெளியை நிரப்புவதும் சாந்துதான்.

---

> அங்கே எந்தக் களிம்பு?

நல்ல கேள்வி. கையேடு முழுக்க 'வெப்பக் களிம்பு' என்று இரண்டு சொல்லையும் சேர்த்தே எழுதுவோம், வெறும் 'களிம்பு' எங்கும் வேண்டாம். செம்பின் நிறம் மங்குவதைச் சொல்ல நேர்ந்தால் 'கறை' போதும்.

சாந்து வேண்டாம் என்பேன். அது இறுகினால்தான் வேலை செய்யும், இது இளகியே இருக்க வேண்டும். செயலி சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கும் ஒவ்வொரு முறையும் இது கூடவே அசைந்து கொடுக்கிறது. ஆண்டுகள் போனபின் உலர்ந்து மாவாகும்போதுதான் வெப்பநிலை ஏறி, மாற்ற வேண்டிய வேளை வருகிறது. களிம்பு என்றால் குழாயில் வரும், கொஞ்சமாக எடுக்க வேண்டும், மெல்லிய படலம் போதும், பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக இட வேண்டும் என்பதெல்லாம் மருந்துக்கடைக் களிம்பிலிருந்தே வாசகருக்குத் தெரியும்.

காலியம் கலந்த திரவ உலோகத்தை மட்டும் இந்தப் பெயருக்குள் கொண்டுவரக் கூடாது. அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரித்துவிடும். அதற்குத் 'திரவ உலோகம்' என்ற பெயரே இருக்கட்டும்.

பெயர் முடிந்தாலும் வினைச்சொல் பாக்கி. வரைவில் 'தடவவும்' என்று இருக்கிறது. தடவு என்றால் விரல்தான் போகும். விரல் எண்ணெய் படிவதோடு, மேடுபள்ளமாகத் தடவிய படலத்துக்குள் காற்றுக்குமிழி சிக்கும். 'நடுவில் ஒரு பொட்டாக வைக்கவும்' என்று மாற்றுங்கள். பரப்பும் வேலையைத் தணிப்பானின் அழுத்தம் பார்த்துக்கொள்ளும். 'பட்டாணி அளவு' என்பதையும் எடுத்துவிடலாம். பச்சைப் பட்டாணிக்கும் காய்ந்ததற்கும் அளவு வேறு. 4 முதல் 5 மி.மீ. அகலம் என்று எழுதினால் ஐயமில்லை. 2021-இல் வந்த, இன்டெலின் எல்.ஜி.ஏ.1700 சாக்கெட்டில் (தாய்ப்பலகையில் செயலி அமரும் இடத்தில்) பொருந்தும் செயலிகள் 45-க்கு 37.5 மி.மீ. என்று நீள்சதுரமாக இருப்பதால், அவற்றுக்கு நடுப்பொட்டோடு நான்கு மூலையருகேயும் சிறு புள்ளிகள் வைக்கச் சொல்லலாம்.

கையேட்டின் தலைப்பில் 'ஏர் கூலர்' வேண்டாம். கோடையில் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பெட்டிதான் தமிழ்நாட்டில் ஏர் கூலர். 'குளிர்விப்பான்' என்பதைவிட நீங்கள் எழுதிய 'தணிப்பான்' சரி. அறை 36 பாகை செல்சியஸ் என்றால் எவ்வளவு விலையுயர்ந்த தணிப்பானும் செயலியை அதற்குக் கீழே கொண்டுபோகாது. வெப்பத்தைத் தகடுகளுக்குக் கடத்திக் காற்றில் விடுவதோடு அதன் வேலை முடிகிறது.

---

மூவருக்கும் நன்றி. 'வெப்பக் களிம்பு' என்றே பதிகிறேன். பொருத்தும் பகுதி இப்போது இப்படி இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

"அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை முதலில் உரித்தெடுக்கவும். வெப்பப் பரப்பியைப் பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, உலர்ந்தபின் நடுவில் 4–5 மி.மீ. வெப்பக் களிம்பைப் பொட்டாக வைக்கவும். தணிப்பானை நேராக இறக்கவும். வைத்தபின் தூக்கிப் பார்க்க வேண்டாம், தூக்கினால் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்கவும். ஒரு திருகை இரண்டு சுற்று, பிறகு அதற்குக் குறுக்கே எதிர்மூலையில் உள்ளதை இரண்டு சுற்று என மாறிமாறி, திருகு தானே நிற்கும்வரை முடுக்கவும். ஒரே பக்கத்தை முழுதாக முடுக்கினால் அடித்தட்டு சாய்ந்து, வெப்பக் களிம்பு மறுபக்கம் ஒதுங்கிவிடும்."

விசிறிக் கம்பியைத் தாய்ப்பலகையில் 'சிபியு ஃபேன்' என்று அச்சிட்ட நான்கு முள் இணைப்பில் செருகச் சொல்லியிருக்கிறேன். வேறு இணைப்பில் செருகினால் பல பலகைகள் விசிறி இல்லை என்று எச்சரித்துத் தொடக்கத்திலேயே நின்றுவிடும். காற்று, விசிறியின் திறந்த முகத்தில் நுழைந்து சட்டக் குறுக்குகள் உள்ள முகத்தில் வெளியேறும் என்ற குறிப்பும் சேர்த்தாயிற்று.

---

நன்றாக வந்திருக்கிறது. பின்தகட்டுக்கு ஒரு வரி வேண்டும்: ஏ.எம்.டி. செயலிகளுக்கான ஏ.எம்.4 சாக்கெட் உள்ள பலகையில் முன்பக்கப் பிளாஸ்டிக் தாங்கிகளின் திருகைக் கழற்றினால் பின்தகடு கழன்று விழும், அதைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். 2022-இல் வந்த ஏ.எம்.5-இல் பின்தகடு சாக்கெட்டோடு சேர்ந்தது, அதைக் கழற்றக் கூடாது.

கழற்றும் பகுதியில் 'தணிப்பானை மேலே இழுக்கவும்' என்பதை உடனே மாற்றுங்கள். ஏ.எம்.4 செயலியின் மேல் அதை அழுத்திப் பிடிக்கும் சட்டம் கிடையாது. பழைய வெப்பக் களிம்பு கெட்டியாக இருந்தால், தணிப்பானோடு செயலியும் முட்களோடு பிடுங்கிக்கொண்டு வரும். முள் வளைந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு. என் பரிந்துரை:

"கணினியைப் பத்து நிமிடம் வேலை வாங்கி வெப்பக் களிம்பை இளகவிடவும். அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கியபின் திருகுகளைத் தளர்த்தவும். தணிப்பானை இடமும் வலமுமாகச் சற்றே திருகி, பிடி விட்டது தெரிந்தபிறகே மேலே எடுக்கவும்."