கீழுதட்டுச் சிறுதாடி: ஆலோசனை வேண்டுகிறேன்

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். நான் பினாங்கு ஜார்ஜ்டவுனில் வசிக்கிறேன். மீசையையும் கன்னங்களையும் முழுமையாக மழித்துவிட்டு, கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் இடைப்பட்ட குழிவில் மட்டும் சிறுதாடி வைத்துக்கொள்ள விரும்புகிறேன். ஜாஸ் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் படங்களைப் பார்த்த நாள் முதல் இந்த ஆசை எனக்கு உண்டு.

தாடி சிறியதாக இருப்பதால் பராமரிப்பும் எளிது என்று பலர் கருதுகின்றனர்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகத்தின் நடுவில் இருப்பதால் ஓரம் சற்றுக் கோணினாலும் உடனே தெரிந்துவிடுகிறது. முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டரே வளர்வதால், அதைச் சரிசெய்யவும் காத்திருக்க வேண்டியுள்ளது. என் முடி சுருள்முடி. மழித்த இடத்தில் முடிநுனி வளைந்து தோலுக்குள்ளேயே புகுந்து, சிறு கொப்புளங்களாகச் சிவக்கிறது. வெந்நீரில் முகம் கழுவி, முடி வளரும் திசையிலேயே மழித்தும், இங்குள்ள புழுக்கத்தில் வேர்வையும் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தின் வாரும் சேர்ந்து அவ்விடத்தை மேலும் உறுத்துகின்றன.

சுருள்முடி உள்ளவர்கள் ஓரங்களைச் சவரக்கத்தியால் மழிக்கிறீர்களா, அல்லது டிரிம்மரால் ஒட்ட வெட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறீர்களா? அகன்ற மோவாய்க்குச் சதுர வடிவம் பொருந்துமா, கீழ்நோக்கிக் குறுகும் முக்கோணம் பொருந்துமா? லிட்டில் இந்தியா வட்டாரத்தில், அவசரப்படாமல் இத்தகைய நுணுக்கமான வேலையைச் செய்துதரும் முடிதிருத்தும் நிலையம் இருந்தால் தெரிவியுங்கள். தீபாவளிக்குள் வடிவம் சீராக அமைய வேண்டும் என்பது என் விருப்பம்.