பெத்னல் கிரீன் படிகள்

போன வருசம் லண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நான் கிளிநொச்சியில் பிறந்து வளர்ந்தவள். 1863இல் ஓடத் தொடங்கிய நிலக்கீழ் ரயில், உலகத்திலேயே முதலாவது என்று அக்கா ஆசையாய்க் கூட்டிக்கொண்டு போனா. எனக்கு அதில் மறக்க முடியாதது காற்று.

ரயில் வருமுன் சுரங்கத்துக்குள்ளிருந்து ஒரு காற்று வரும். முதலில் காலடியில் கிடக்கும் கடதாசி அசையும், அப்புறம் முகத்தில் வெக்கை அடிக்கும், பிறகுதான் இரைச்சல். இறுக்கமான குழாய்க்குள் ரயில் காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த இரைச்சல் கேட்டதும் நான் சுவரோடு குந்திவிட்டேன். யுத்தத்தில் எங்கள் மேல் குண்டு போட்ட கிபிர் விமானங்களின் சத்தம் ஓய்ந்து பதினைந்து வருசத்துக்கு மேலாகியும் உடம்பு மறக்கவில்லை. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தானும் பக்கத்தில் குந்தி என் கையைப் பிடித்துக்கொண்டா. அந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினோம்.

இரண்டு நாள் கழித்து பெத்னல் கிரீன் என்ற நிலக்கீழ் ஸ்டேசனுக்குக் கூட்டிப் போனா. 1940இல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டபோது லண்டன் சனமும் டிக்கெட் வாங்கிக்கொண்டு கீழே இறங்கி, மேலே வரமாட்டோம் என்று ஸ்டேசன்களிலேயே படுத்தது. அரசாங்கம் முதலில் விரும்பவில்லை, பிறகு விட்டது. பெத்னல் கிரீன் அப்போது கட்டி முடியாத ஸ்டேசன். 1943 மார்ச் 3 இரவு சைரன் ஊத, சனம் இறங்கியது. பக்கத்துப் பூங்காவில் விமான எதிர்ப்பு ராக்கெட் விட்ட சத்தத்தில் பயந்து நெருக்கியது. மழை ஈரம், இருட்டு, நடுவில் பிடிக்கக் கம்பி இல்லை. முன்னுக்கு ஒருவர் தடுக்கி விழ, 173 பேர் நசுங்கி மூச்சடைத்துச் செத்துப்போனார்கள். 62 பேர் பிள்ளைகள். அன்று அங்கே ஒரு குண்டும் விழவில்லை.

வாசலடியில் தலைகீழாக ஒரு மரப்படிக்கட்டு, அதில் எல்லாருடைய பெயரும். நின்று ஒவ்வொன்றாக வாசித்தேன். எங்கள் சனத்துக்கும் இப்படிப் பெயர் எழுதிய ஓர் இடம் வேணும்.

ஊருக்கு வந்து அம்மம்மாவிடம் சொன்னேன். சீலைகளைத் தைத்து மண் நிரப்பி குண்டுக்கு ஒளிக்க எங்களுக்குப் பங்கர், அதுதான் பதுங்குகுழி, கட்டினவ அவதான்.

“மேலே என்ன போட்டிருக்கினம், பனங்குற்றியோ?”

“இரும்பு வளையம், அம்மம்மா.”

“மழைக்குத் தண்ணி நிக்குமோ?”

“பம்ப் வைச்சு இறைப்பினம்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா.

“அப்ப பிள்ளையள் காலை நீட்டிப் படுத்திருக்குங்கள்” என்றா.