வண்டியை அணைத்தாலும் இருக்கும் 12 வோல்ட்: தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுமத்தினருக்கு,

ஐடிஐ மாணவர்களுக்காக மின்கார் வயரிங் பாடம் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். டேஷ்கேம் (சாலையைப் பதிவுசெய்ய வண்டிக்குள் வைக்கும் கேமரா) பொருத்தும் பக்கத்தில் சிக்கி நிற்கிறேன். பெரும்பாலும் மூன்று வயர் வரும். கறுப்பு, பாடி எர்த். சிவப்பு, வண்டி ஆனில் இருந்தால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு. மஞ்சள், வண்டியை அணைத்தாலும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸுக்கு. ஜெர்மன் டின் (DIN) தரத்தில் இது முனை 30, சிவப்பு முனை 15. மஞ்சளுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? பட்டறையில் 'டைரக்ட்' என்பார்கள். ஆனால் அடுத்த பக்கத்திலேயே டைரக்ட் கரண்ட் வருகிறது, பையன்கள் குழம்புவார்கள். 'நிலைமின்' என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன், நிலைமின்னியல் பள்ளிப் பாடத்தில் வேறு பொருளில் இருக்கிறது.

*

ஐயா,

கோயிலிலேயே சொல் இருக்கிறது, நந்தா விளக்கு. சோழர் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு விடுவார்கள், சாவா மூவாப் பேராடு என்று, அதற்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். நந்துதல் என்றால் கெடுதல், அவிதல். நந்தா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். நுந்தா விளக்கு என்றும் வரும், அதைத் தூண்ட வேண்டாத விளக்கு என்று பிரிப்பவர்கள் உண்டு, எனக்கு இரண்டும் ஒரே சொல்லின் திரிபாகத்தான் படுகிறது, அதைத் தனி இழையில் எழுதுகிறேன். 'நந்தா மின்' என்று வையுங்கள். பட்டறைச் சொல்லையே எழுதுவதென்றால் தமிழில் பாடநூல் எதற்கு?

*

நந்துதலுக்குத் தழைத்தல், பெருகுதல் என்ற பொருளும் உண்டே ஐயா. 'நந்தா மின்' பெருகாத மின்சாரமாகவும் ஆகும். அது போகட்டும், எனக்குக் கவலை வேறு. நான் தினமும் இந்த வேலை செய்கிறவள். நந்தா, ஓயா, வற்றா எல்லாமே 'தீராது' என்ற நம்பிக்கையைக் கொடுக்கும், இந்த மின்சாரமோ தீரும். வண்டி அணைந்ததும் பெரிய பேட்டரி துண்டிக்கப்படும், அதிலிருந்து 12 வோல்ட்டை ஊட்டும் மாற்றியும் நின்றுவிடும், மிச்சம் சின்ன பேட்டரி மட்டும்தான். கேமரா 0.25 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி எட்டு நாள்கூடத் தாங்காது. சில வண்டிகள் இடையில் தாமாகவே எழுந்து அதை நிரப்பிக்கொள்ளும், எல்லாம் அப்படியில்லை. சின்ன பேட்டரி இறங்கிவிட்டால் பெரியதை இணைக்கும் காண்டாக்டர் என்ற காந்த சுவிட்சை இழுக்க ஆளில்லை, 350 வோல்ட் முழுதாக நிரம்பியிருந்தும் வண்டி எழாது. மின்னழுத்தம் இறங்கினால் கேமராவைத் துண்டிக்கும் கட்-ஆஃப் இருக்கும் கிட்டைத்தான் போட வேண்டும், உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு வயர் பக்கமே கை போகக் கூடாது. இவை இரண்டையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

சொல் என்று கேட்டால் 'சாவி சாராத் தடம்'. சாவி திறந்தாலும் பூட்டினாலும் இருக்கும், அவ்வளவுதான், தீராது என்று அது சொல்லவில்லை. 'நேர்த்தடம்' என்றும் யோசித்தேன், டைரக்டுக்கு நெருக்கம், ஆனால் நேர்மின்முனை என்று படித்துவிடுவார்கள்.

*

அம்மா, சாவி போர்த்துக்கீசியச் சொல். ஜன்னலும் அலமாரியும் வந்த வழியில் வந்தது. குறைந்தபட்சம் 'திறவுகோல் சாராத் தடம்' ஆக்குங்கள். அதோடு, பல மின்கார்களில் இப்போது சாவியே இல்லை, பொத்தான்தான்.

*

அனைவருக்கும் நன்றி. நாளை அனுப்பியாக வேண்டும். இதுவரை எழுதிய ஆறு பேரில் நால்வர் 'சாவி சாராத் தடம்' என்கிறார்கள், அதையே வைக்கிறேன். பொத்தான் வண்டிக்கும் பட்டறையில் 'சாவியப் போடு' என்றுதான் சொல்கிறார்கள், மாணவர்களுக்குப் புரியும். முதல் இடத்தில் மட்டும் 'பட்டறையில் டைரக்ட் லைன் என்பது' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சிவப்பு 'சாவித் தடம்'. கட்-ஆஃபும் ஆரஞ்சு வயரும் பெட்டிச் செய்தியாகப் போகின்றன.

*

எனக்கு உடன்பாடில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். உழக்கு நெய் நின்றால் நந்தா விளக்கும் அணையும், அதனால்தான் 96 ஆடு. அந்தச் சின்ன பேட்டரியும் அப்படித்தானே? அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.