த்ராட்டிலை மூடிய நொடி: போர் விமான சிமுலேட்டர் அனுபவங்கள்

போர் விமான சிமுலேட்டரில் மெய்ம்மை என்றால் ஓட்டுவதற்குக் கடினமாக இருப்பது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். டிசிஎஸ் சிமுலேட்டரில் மிக்-21பிஸ் விமானத்தைத் தரையிறக்க முயன்ற ஒரு மாலையில் அந்த எண்ணம் மாறியது. ஏவுகணைக்கும் ரேடாருக்கும் அன்று வேலையில்லை. ஓடுதளமும் நானும் மட்டும்தான்.

இந்த விமானத்தின் இறக்கை மெல்லிய முக்கோணம். மெதுவாகப் பறக்க அது உடன்படாது என்பதால், சக்கரம் தரையைத் தொடும்போதே வேகம் மணிக்கு 300 கி.மீ. அளவில் இருக்கும். அதைக் கொஞ்சமாவது குறைப்பதற்காக ஒரு ஏற்பாடு உண்டு: இறக்கையின் பின்விளிம்பில் உள்ள அசையும் தகடான ஃபிளாப்பை 45 டிகிரிக்கு இறக்கியதும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரிலிருந்து எடுக்கப்படும் காற்று அதன் மேற்பரப்பில் பீய்ச்சப்படுகிறது, காற்றோட்டம் விலகாமல் ஒட்டிச் செல்வதால் கூடுதல் தூக்குவிசை கிடைக்கிறது. கையேட்டில் இதைப் படித்திருந்தேன். ஆனால் எஞ்சின் சுழற்சி குறைந்தால் அந்தக் காற்றும் குறையும் என்பது மண்டையில் ஏறவில்லை. ஓடுதள முனையைக் கடந்ததும் வேகம் சற்றுக் கூடுதலாகத் தெரியவே, சிறு விமானங்களை ஓட்டிய பழக்கத்தில், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலான த்ராட்டிலை முழுவதும் மூடினேன். வேகமானியின் முள் சரியாக இறங்கக்கூட இல்லை, விமானம் கல்லாக விழத் தொடங்கியது. மூக்கைத் தூக்கினேன், தாக்குக் கோணம் (இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணம்) கூடியது, இழுவிசை கூடியது, இறக்கம் மட்டும் குறையவில்லை. பதறிப்போய் மறுபடி த்ராட்டிலைத் திறந்தபோது, எஞ்சின் சுழற்சி ஏறுவதற்குத் தேவைப்பட்ட சில நொடிகள் என் கையில் இல்லை. இடது சக்கரம் முறிந்து, ஓடுதளத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் போய் நின்றேன்.

த்ராட்டில் வேகத்துக்கான கருவி என்று எண்ணியிருந்தவனுக்கு, அந்த விமானத்தில் அது இறக்கையின் ஒரு பகுதியும் கூட என்பது அன்றுதான் விளங்கியது. அதே இறக்கை, வளைந்து திரும்பும் சண்டையிலும் தன் குணத்தைக் காட்டும். முதல் திருப்பத்தில் மூக்கு வியக்கும்படி திரும்பும். வேகம் மளமளவென்று கரைந்து, அடுத்த திருப்பத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. அமெரிக்க விமானப்படை விமானி ஜான் பாய்டும் கணிதவியலாளர் தாமஸ் கிறிஸ்டியும் 1960களில் வகுத்த ஆற்றல்-இயக்கத்திறன் கோட்பாடு இந்த வரவுசெலவைத்தான் கணக்கிடுகிறது.

இப்படி விமானம் தன் சொந்த நியாயத்தை உணர்த்திய தருணங்கள் உங்களுக்கும் இருக்கும். விரிவாக எழுத வேண்டுகிறேன்.

* * *

எனக்கு அது எஃப்-14ஏ விமானத்தில் நேர்ந்தது. அதன் டிஎஃப்30 எஞ்சின்கள், தாக்குக் கோணம் அதிகமாக இருக்கும்போது த்ராட்டிலைச் சடாரென நகர்த்தினால் கம்ப்ரஸர் ஸ்டாலுக்கு (உள்ளே காற்றோட்டம் குலைந்து எஞ்சின் திணறுவது) உள்ளாகும் என்று பலரும் எச்சரித்திருந்தார்கள். எதிரியின் வால் கண்ணெதிரே இருக்கும்போது எச்சரிக்கை யாருக்கு நினைவிருக்கும்? மூக்கை உயர்த்தி, வேகம் குன்றிய நிலையில் த்ராட்டிலை ஆஃப்டர்பர்னருக்கு, அதாவது கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் நிலைக்கு, தள்ளினேன். ஒரு வெடிச்சத்தம் கேட்டது. வலது எஞ்சின் உந்துவிசையை இழந்தது. இரண்டு எஞ்சின்களுக்கும் இடையில் ஏறத்தாழ 2.7 மீட்டர் இடைவெளி இருப்பதால், இடது எஞ்சினின் முழு விசையும் மூக்கை வலப்புறம் தள்ளியது. அதைச் சரிசெய்ய ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தது அடுத்த பிழை. தாக்குக் கோணம் கூடிய நிலையில் அந்த விமானத்தைச் சாய்க்கச் சுக்கானைத்தான் மிதிக்க வேண்டும். ஜாய்ஸ்டிக்கால் சாய்க்க முயன்றால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கப்படும். என் கையே சுழற்சிக்குத் துணைபோயிற்று. தட்டையாகச் சுழன்றுகொண்டே கடலில் விழுந்தேன்.

அந்தச் சுழற்சியில் உண்மையான விமானியின் உடலை முன்பக்கம் இழுக்கும் விசையை எந்தச் சிமுலேட்டரும் நாற்காலிக்குக் கொண்டுவராது. இறக்கைகளின் விரிவை மட்டும் கவனித்து வையுங்கள்: அவற்றின் பின்னோக்கிய சாய்வு 20 டிகிரியிலிருந்து 68 டிகிரி வரை வேகத்துக்கேற்பத் தானாகவே மாறுவதால், விரிந்த இறக்கையைப் பார்த்தே உங்களிடம் வேகம் இல்லை என்பதை எதிரி படித்துவிடுவான்.

* * *

மேலே எழுதிய இருவரோடும் உடன்படுகிறேன். ஆனால் எஃப்-16 பற்றிச் சொல்லாவிட்டால் படம் முழுமையாகாது. சிமுலேட்டரில் அது மிக எளிதாகப் பறப்பதால், அதன் பறப்பியக்கம் பொம்மைத்தனமானது என்று சிலர் குறைப்படுகிறார்கள். இயற்கையில் நிலைத்தன்மை குறைவாக வடிவமைக்கப்பட்ட அந்த விமானத்தைக் கணினிதான் பிடித்து நிறுத்துகிறது. விமானி எவ்வளவு இழுத்தாலும் 9 ஜி விசையையும் (புவியீர்ப்பின் ஒன்பது மடங்கு) 25 டிகிரி தாக்குக் கோணத்தையும் தாண்டவிடாமல் அது தடுக்கிறது. ஆகவே எளிமைதான் அங்கே மெய்ம்மை. அந்த எளிமையும் ஒரே நாளில் வந்ததல்ல: 1974 ஜனவரியில் முன்மாதிரி விமானத்தைத் தரையில் ஓட்டிச் சோதித்தபோது, அளவுக்கு மீறி நுண்ணுணர்வு கொண்டிருந்த கட்டுப்பாட்டால் அது பக்கவாட்டில் ஆடத் தொடங்கியதால், விமானி ஃபில் ஓஸ்ட்ரைக்கர் திட்டமிடாமலேயே மேலெழும்ப வேண்டியதாயிற்று.

அந்த வேலியை நான் ஒருமுறை தாண்டினேன். செங்குத்தாக ஏறி, வேகம் முழுவதும் தீர்ந்த பிறகும் உருட்டிக்கொண்டே இழுத்தேன். மூக்கு கிட்டத்தட்டக் கிடைமட்டமாக நிற்க, உயரமானி மட்டும் வேகமாகக் குறைந்தது. தாக்குக் கோணம் காட்டும் பட்டை 32-இல் முட்டி அசையாமல் நின்றது. ஜாய்ஸ்டிக்கை முழுவதும் முன்னே தள்ளியும் பயனில்லை. கணினியின் தடையை விலக்குவதற்கென உள்ள மிகைக் கட்டுப்பாட்டு ஸ்விட்சை அழுத்திப் பிடித்தபடி, மூக்கு ஏறும்போது இழுத்து, தாழும்போது தள்ளி, ஊஞ்சலை உந்துவதுபோல் ஆட்டத்தைப் பெருக்க வேண்டும். முதல் இரண்டு முறை தாளம் தவறி, ஆட்டத்தை நானே அடக்கிவிட்டேன். மூன்றாவதில் மூக்கு ஆழமாகக் கவிழ்ந்தது, காற்று இறக்கையைப் பிடித்தது. 25,000 அடியில் தொடங்கிய கதை 9,000 அடியில் முடிந்தது. சண்டையிட்டுக்கொண்டிருந்த நண்பர் சுடாமல் சுற்றிவந்து வேடிக்கை பார்த்தாராம்.